அப்பாவின் ராணுவ வாழ்க்கையை எழுதுகிறேன், வருடம் குழம்புகிறது

உங்கள் அப்பா சியாச்சின் பனிமலையில் இருந்தது முதலா, இலங்கைக்குப் போனது முதலா என்பதுதானே குழப்பம்? அவரிடம் வருடத்தைக் கேட்காதீர்கள். "அப்போ நீங்க நாயக்கா, ஹவில்தாரா? சி.ஓ. யாரு?" என்று கேளுங்கள் (நாயக்குக்கு அடுத்த பதவி ஹவில்தார்; சி.ஓ. என்றால் யூனிட்டின் தலைமை அதிகாரி). பதவி உயர்வுத் தேதி பழைய காகிதங்களில் இருந்தால் வரிசை தானாக வந்துவிடும்.

இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் குழம்புவது மறதியால் என்று நான் நினைக்கவில்லை. பட்டாளத்துக்காரர்களுக்கு யூனிட்டும் கூட இருந்த ஆட்களும்தான் காலண்டர். எந்த டிரங்குப் பெட்டியை யார் தூக்கினார் என்பதுகூட நினைவிருக்கும், வருடம் மட்டும் இருக்காது.

சரிபார்க்க: இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை. சியாச்சினுக்கு நம் படை ஏறியது 1984 ஏப்ரலில். அவர் சொல்வது இவற்றோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம் மெடல் ரிப்பனில் உள்ள உலோகப் பட்டையைப் படியுங்கள். அமைதிப்படையில் இருந்தவர்களுக்கான சிறப்புச் சேவைப் பதக்கத்தில் 'ஸ்ரீலங்கா' என்றே இருக்கும். மெடலின் விளிம்பில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, மெடல் கைக்கு வந்த வருடத்தைச் சம்பவம் நடந்த வருடமாக எழுதிவிடாதீர்கள். பல வருடம் கழித்துக்கூட வரும். டிஸ்சார்ஜ் புக்கில் (பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுக்கும் சர்வீஸ் புத்தகம்) எல்லா போஸ்டிங்கும் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். விடுபட்டதை அவருடைய சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு அவர் பெயரிலேயே எழுதிக் கேட்கலாம்.