முதல் இடத்துப் பூஜ்ஜியம்: 60-ஆ, 36-ஆ, 12-ஆ?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு ஒரு கணக்கு. 40230-இன் இலக்கங்களை இடம் மாற்றி எத்தனை ஐந்திலக்க எண்கள் அமைக்கலாம்? கைடில் 60, டியூஷனில் 12, இவள் 36 என்கிறாள். எது சரி?

பதில்: உங்கள் மகள் போட்டதுதான் சரி.

ஐந்தும் வெவ்வேறு இலக்கங்களாக இருந்தால் 5×4×3×2×1 = 120 வரிசைகள் வரும். இங்கே பூஜ்ஜியம் இரண்டு. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டாலும் எண் அதேதான். ஆக, ஒவ்வொன்றும் இரண்டு தடவை கணக்கில் வந்திருக்கிறது, பாதியாக்கினால் 60. கைடு இதோடு கடையைக் கட்டிவிட்டது. அந்த 60-க்குள் 04230-உம் இருக்கிறது. அது ஐந்திலக்க எண்ணா? வெறும் 4230.

முதல் இடத்தில் பூஜ்ஜியத்தை வைத்தால் மீதி 4, 2, 3, 0. இவற்றுக்கு 24 வரிசை. 60-இல் 24 போனால் 36. "பூஜ்ஜியம் இரண்டாச்சே, 24-ஐ இரண்டு தடவை கழி" என்று டியூஷனில் சொல்லியிருப்பார்கள். 12 அப்படித்தான் வரும். இரட்டிப்பைத்தான் முன்பே நீக்கியாயிற்றே, மறுபடி எதற்கு?

சந்தேகம் இருந்தால் சின்னதாக ஒன்றைக் கையாலேயே எழுதிப் பாருங்கள். சென்னை ஜிபிஓ பின்கோடு 600001. முதலில் 6 வந்தால் 1 உட்கார ஐந்தே இடம்: 610000, 601000, 600100, 600010, 600001. முதலில் 1 வந்தாலும் அதேபோல் ஐந்து. மொத்தம் 10. நம் முறையிலும் அதேதான்: மொத்த வரிசை 30, பூஜ்ஜியத்தில் தொடங்குபவை 20, ஒரே தடவை கழித்தால் 10.

ஒரு விஷயம். கேள்வியில் 'ஐந்திலக்க' என்ற சொல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சூட்கேஸ் பூட்டு, ஓடிபி மாதிரி விஷயங்களில் பூஜ்ஜியம் தாராளமாக முன்னால் வரலாம். அங்கே 60-தான் விடை. வெறுமனே 'எத்தனை எண்கள்' என்று கேட்டாலும் 60 சொல்பவரைத் தப்பு என்று சொல்ல முடியாது, 4230-உம் ஓர் எண்தானே. கேள்வி எடுப்பவர்கள் இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, நான்கு விடைகளில் 60, 36 இரண்டையும் போட்டு வைப்பார்கள். கேட்டால் 'கீ'யில் உள்ளதுதான் விடை என்பார்கள். பிள்ளை எப்படி யோசித்தது என்று பார்க்க யாருக்கு நேரம்?

அப்புறம், வாட்ஸ்அப்பில் 'ஷார்ட்கட் ஃபார்முலா' பிடிஎஃப் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். 40230-க்கு ஒரு குறுக்குவழி உண்மையாகவே இருக்கிறது: முதல் இடத்துக்கு 4, 2, 3 என மூன்று வழி, மீதி நான்கு இடத்துக்கு 12 வழி, பெருக்கினால் 36. இதை மட்டும் மனப்பாடம் செய்தவர்களிடம் 22050-ஐக் கொடுங்கள், 2×12 = 24 என்பார்கள். முதலில் 2 வந்தால் மீதி 2, 0, 5, 0, அதற்கு 12. முதலில் 5 வந்தால் மீதி 2, 2, 0, 0, அதற்கு 6-தான். விடை 18.