இருநூறு பேர் பட்டியல்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் சட்டம் முடித்துவிட்டு, குற்றவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். தலைப்பு 'சேலம் மாவட்டத்தில் பழங்குற்றவாளிகள்: சமூக, பொருளாதாரக் காரணங்கள்'. காவல் நிலையப் பட்டியலிலிருந்து 200 பேரை எடுத்து வினாப்பட்டியல் கொடுக்கப்போகிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் மெர்ட்டன், சதர்லாந்து இருவரில் யாருடைய கோட்பாடு இதற்குப் பொருந்தும்? இலக்கிய வாசிப்பு இந்த ஆய்வுக்கு உதவுமா? தமிழில் இத்துறை நூல்கள் ஏன் இவ்வளவு குறைவு? வீட்டில் இதையெல்லாம் விட்டுவிட்டு குரூப் 1 எழுதச் சொல்கிறார்கள்.

ர., கன்னங்குறிச்சி

அன்புள்ள ர.,

இலக்கியம் உதவும், படியுங்கள். தமிழில் நூல் குறைவு என்பது பழைய புலம்பல். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணீயத்திலும் குற்றவியலுக்குத் தனித்துறையே இருக்கிறது. படித்துவிட்டுப் போனவர்கள் எழுதவில்லை என்றால் நீங்கள் எழுதுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த '200 பேர்' வரிக்காக. கொஞ்ச நாளாகவே இது என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதியது யார் என்று யோசித்தீர்களா?

என் தாய்மாமா சேலம் கோர்ட்டுக்கு வெளியே டைப் அடித்துப் பிழைத்தவர். கல்லூரி விடுமுறையில் கார்பன் தாள் அடுக்கிக்கொடுக்க நான் போவேன். கூடை முடைகிற குறவர் ஒருவர் அங்கே வருவார். சுற்றுவட்டாரத்தில் எங்கே திருட்டுப் போனாலும் அவருக்கு ஒரு சந்தேக கேஸ். வரும்போதே மஞ்சப்பையில் துண்டு, பாதி கரைந்த சோப்பு, ஒரு கட்டு பீடி எல்லாம் இருக்கும். ராத்திரி ஸ்டேஷனில் தங்கவைத்துவிடுவார்கள் என்று தயாராகவே வருவார். அவருடைய காகிதக் கட்டை மாமா ஒருநாள் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஏழெட்டு வழக்குகள். ஒன்றில்கூடத் தண்டனை இல்லை. கடைசிக் காகிதம், நன்னடத்தைக்குப் பிணை கேட்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆவது பிரிவில் போலீஸ் போட்ட மனு. மேற்படி வழக்குகளைப் பார்க்கும்போது இவர் வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று தெரியவருகிறதாம்! விடுதலையான வழக்குகளையெல்லாம் கூட்டினால் பழங்குற்றவாளி ஒருவர் கிடைத்துவிடுகிறார். அந்த 110 புதிய சட்டத்தில் 129 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அரசின் சீர்மரபினர் பட்டியலை, அதாவது ஒருகாலத்தில் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சாதிகளின் பட்டியலை, எடுத்துப் பாருங்கள். சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர் என்று நம் ஊர்ப் பெயர்களாகவே இருக்கும். மாட்டிலும் கழுதையிலும் உப்பு ஏற்றி வியாபாரம் செய்தவர்கள். ரயில் வந்து பிழைப்பு போனது, பின்னாலேயே, பிறப்பை வைத்தே ஆட்களைக் குற்றவாளிகளாகப் பதிந்த குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது, ஊர் வழக்கில் ரேகைச் சட்டம். 1871-இல் வடக்கே தொடங்கிய அந்தச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1952-இல் நாடு முழுக்க ரத்து. சட்டம் போனது, பதிவேட்டின் பழக்கம் போகவில்லை. சீர்மரபினரை வழக்கமாகக் குற்றம் செய்பவர்களாகச் சிறை விதிகள் பார்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லவேண்டியிருந்தது என்றால் பாருங்களேன்.

இது பழைய கதை என்பீர்கள். சரி, வாச்சாத்திக்கு வருவோம். 1992 ஜூன் 20. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். நம் சேர்வராயன் மலையில் இருக்கும் அதே மலையாளிப் பழங்குடிகள், கேரளத்துக்காரர்கள் அல்ல. சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்புறம் ஊர்ப் பெண்களையும் குழந்தைகளையும் கைது செய்து கொண்டுவந்து அடைத்தது எங்கே? நம் சேலம் மத்திய சிறையில்.

அடுத்த மாதமே உங்கள் வினாப்பட்டியலோடு அந்தச் சிறைக்கு ஒருவர் போயிருந்தால்? கல்வி, இல்லை. வருமானம், சொற்பம். குற்றம், சந்தனக் கடத்தல். அட்டவணை சுத்தமாக வந்திருக்கும். 'வறுமையும் பெண் குற்றவாளிகளும்' என்று முனைவர் பட்டம்கூட வாங்கியிருக்கலாம். குற்றம் செய்தவர்களோ அப்போது வேலையில் இருந்தார்கள், மாதக் கடைசியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கு சிபிஐக்குப் போய், தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல 2011 செப்டம்பர் ஆனது. குற்றம்சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 54 பேர் அதற்குள் செத்தே போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023-இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்த 19 வருடங்களில் எந்தக் காவல் நிலையப் பட்டியலை வைத்து ஆய்வு செய்திருந்தாலும் இந்த 215 பேர் உங்கள் கையில் சிக்கியிருப்பார்களா?

மெர்ட்டனா சதர்லாந்தா என்று கேட்கிறீர்கள். தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள்: சதர்லாந்தைப் படித்திருந்தால் இந்த 200 பேர் பட்டியலோடு வந்திருக்கவே மாட்டீர்கள். கோர்ட்டிலும் ஜெயிலிலும் இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டுக் குற்றத்துக்குக் காரணம் வறுமை என்று சொல்லாதீர்கள் என்பதுதான் 1939-இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தில் அவர் ஆற்றிய தலைமையுரையின் சாரம். பிறகு அவர் பெரிய கம்பெனிகளின் குற்றங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, பதிப்பகம் பயந்து கம்பெனிப் பெயர்களையெல்லாம் எடுக்கவைத்தது. பெயர்களோடு அது வெளிவர 1983 வரை ஆனது, அவர் இறந்து முப்பத்துமூன்று வருடம் கழித்து. பரீட்சைக் குறிப்பில் இதெல்லாம் இருக்காது.

வினாப்பட்டியலைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. அதே 200 பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் மேலும் எத்தனை வழக்கு, எத்தனையில் தண்டனை, பட்டியலில் பெயர் ஏறியது எந்த வருடம், யார் கையெழுத்தில், எடுக்கச் சொல்லி யாராவது மனு கொடுத்தார்களா என்று பாருங்கள். நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்திலேயே இருக்கின்றன. காவல் நிலையம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தர மறுத்த பதிலையும் ஆய்வேட்டில் சேருங்கள். அதற்கப்புறம் அந்த மனிதர்களைப் போய்ப் பாருங்கள், வினாத்தாள் இல்லாமல். உங்கள் நெறியாளர் முகம் சுளிப்பார். நல்ல மனிதராக இருந்தால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடுவார்.

குரூப் 1? தாராளமாக எழுதுங்கள், வீட்டில் சொல்வதில் தப்பில்லை. தேறி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) நாற்காலியில் உட்கார்ந்தீர்கள் என்றால் அந்த 129-ஆவது பிரிவு மனுக்கள் உங்கள் மேசைக்குத்தான் வரும்.