மலைக் குளிரும் குறைமாதக் குழந்தையின் கால் இறுக்கமும்

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். 30 வாரத்தில் பிறந்த என் மகனுக்கு இப்போது 9 மாதம். இன்னும் உட்காரவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றன, நுனிவிரலில் நிற்கிறான். குறைமாதப் பிள்ளை மெதுவாகத்தான் வருவான் என்கிறார் மாமியார். மலைக் குளிரால்தான் கால் இறுகுகிறது, கோவையில் உறவினர் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். எண்ணெய் தேய்த்து நீவினால் போதுமா? பிசியோதெரபி தேவையா?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. குழந்தை 10 வாரம் முந்திப் பிறந்திருப்பதால், 2 வயது வரை அவனுடைய வளர்ச்சியை அந்த 10 வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவனுக்கு இப்போது ஏறத்தாழ ஆறரை மாதம். அந்த வயதில் பிடிப்பில்லாமல் உட்காராததைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். கால்கள் பின்னுவதற்கும் நுனிவிரலில் நிற்பதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 30 வாரத்தில் மூளையின் உள்ளறைகளைச் சுற்றியுள்ள பகுதி மிக மென்மையானது. கால்களுக்குச் செல்லும் நரம்பு இழைகள் அந்த அறைகளை ஒட்டியே இறங்குவதால், அங்கே பாதிப்பு ஏற்பட்டால் கைகளைவிடக் கால்களே அதிகம் இறுகும். கடிதத்தை மட்டும் வைத்து இதை மூளை முடக்குவாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசையும் அசைவும் கெடும் நிலை) என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நோய்க்குப் பெயர் வைக்கும்வரை பயிற்சி காத்திருக்க வேண்டியதில்லை.

குளிர் இதற்குக் காரணமன்று. ஏற்கெனவே உள்ள இறுக்கம் குளிரில் சற்றுக் கூடும், அவ்வளவுதான். ஆகவே வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகு, வெதுவெதுப்பான அறையில் பயிற்சி கொடுங்கள். முழங்காலை மடக்க முடியாத அளவுக்குக் கம்பளி உடைகளை அடுக்காதீர்கள். எண்ணெய் தேய்ப்பது குழந்தைக்கு இதமாக இருக்கும், ஆனால் இறுக்கத்தைத் தீர்க்காது. நீவிவிட வருபவர் காலை வெடுக்கென்று இழுக்க மட்டும் விடாதீர்கள். குறைமாதக் குழந்தைகளின் எலும்பு சில வேளை வலுக்குறைந்திருக்கும், முறிந்துவிடக்கூடும்.

துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்து விரித்தால் கால்கள் இன்னும் இறுகிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மெல்ல மடக்கி, முழங்காலுக்குச் சற்று மேலே பிடித்து, இடுப்பை இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். சில நொடிகளில் தொடைகள் தளர்ந்து தாமாகவே விலகத் தொடங்கும். தூக்கும்போது, நம் ஊர்ப் பெண்கள் வழக்கமாகச் செய்வதுபோல, இருபுறமும் கால் விரிய இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தொடைத் தசைக்கு அதுவே ஒரு நீட்சிப் பயிற்சி. வேலைக்குப் போகும் நேரத்தில் தூளியில் போட்டுவைப்பது தவிர்க்க முடியாததுதான், ஆனால் விழித்திருக்கும் நேரம் முழுவதும் அதில் சுருண்டு கிடந்தால் அசைந்து பழக அவனுக்கு வாய்ப்பே இருக்காது. பாயில் குப்புறப் படுக்கவைத்து, எட்டிப் பிடிக்கும் தொலைவில் ஒரு டம்ளரை வைத்து, நீங்கள் எதிரே உட்காருங்கள். அவனாக முயல்வதில் உள்ள பலன், நாம் காலை நீட்டி மடக்குவதில் இல்லை. சக்கரம் வைத்த வாக்கர் வேண்டவே வேண்டாம். நுனிவிரலால் உந்தும் பழக்கத்தை அது வளர்க்கும்.

இவற்றைச் சரியாகக் கற்றுக்கொள்ள பிசியோதெரபிஸ்ட் அவசியம். அதற்காக வாரந்தோறும் மலையிறங்க வேண்டியதில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சிறுவயதிலேயே கண்டு சிகிச்சை தரும், மாவட்டத்தில் உள்ள அரசுத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் (DEIC) காட்டுங்கள். பயிற்சிகளைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, நாள்தோறும் வீட்டில் செய்யுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண் விழித்திரை, காது கேட்கும் திறன் ஆகிய பரிசோதனைகள் முன்பே நடந்திராவிட்டால், அவற்றையும் அப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று பின்னாளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும் சொல்வார்கள்.

தூங்கி விழிக்கும் வேளையில் குழந்தை தலையைக் குனிந்து, கைகளைத் தூக்கி, அடுத்தடுத்து திடுக்கிடுவதுபோல் உதறினால், அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.