நாங்கள்தான் காரணமா, டாக்டர்?

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாவது லீவில் வெயிட் குறைக்கிறேன் என்று ஆரம்பித்தாள். இப்போது ஒரு இட்லியை அரை மணி நேரம் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே ஒதுக்குகிறாள். மாதவிலக்கு நின்று நாலு மாதம் ஆகிறது. சேலம் வெயிலிலும் ஸ்வெட்டர் போடுகிறாள். ஆனால் ராத்திரியெல்லாம் சமையல் வீடியோ பார்க்கிறாள், எங்களுக்கு வகைவகையாகச் செய்து போடுகிறாள். மாமியார் திருஷ்டி என்கிறார். சின்ன வயதில் நான் அவளைக் ‘குண்டு’ என்று கூப்பிட்டதுதான் காரணம் என்கிறார் என் வீட்டுக்காரர். நாங்கள்தான் காரணமா, டாக்டர்?
– ஒரு தாய், அம்மாப்பேட்டை

பதில்: அம்மா, காரணத்தை அப்புறம் பேசுவோம். நாளைக்கே ஒரு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்க்க வேண்டும். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ நாளை வரைக்கும்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பதறிப்போய் ஒரேயடியாக ஊட்டவும் வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் பாஸ்பேட் சடாரென்று இறங்கி இதயத்தையே பாதிக்கும். எவ்வளவில் தொடங்கலாம், எப்படிக் கூட்டலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அனோரெக்சியா நெர்வோசா போலத் தெரிகிறது. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய் அது. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தச் சமையல் வீடியோவும் ஸ்வெட்டரும்தான். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். உடம்பைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதிருந்தவர்கள் அவர்கள். கொஞ்ச நாளில் சமையல் புத்தகம் படிக்க ஆரம்பித்தார்கள். தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் அளைந்தார்கள். எந்நேரமும் குளிர்கிறது என்றார்கள், எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்துபோனார்கள். ஆக, உங்கள் மகளிடம் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி பட்டினியே செய்கிற வேலை. அவளுடைய பிடிவாதமோ திமிரோ என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி காரணம். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், இந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருவது என்கின்றன. 2019இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து எட்டு இடங்களில் தொடர்பு கண்டார்கள். மனநோய்களோடு மட்டுமல்ல, உணவை உடம்பு சக்தியாக மாற்றிக்கொள்ளும் வளர்சிதை மாற்றத்தோடும் அந்தத் தொடர்பு இருந்தது. கேலி செய்வது நல்லதல்ல, இன்றோடு வீட்டில் எல்லோரும் நிறுத்திவிடுங்கள். ஆனால் ‘குண்டு’ என்ற ஒரு வார்த்தையால் வந்த நோய் இல்லை இது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மாமியார் திருஷ்டி கழிக்கட்டும், தப்பில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவது அதற்காகத் தள்ளிப்போகக் கூடாது.

உண்மையில் அவளுக்கு இருக்கும் பெரிய மருந்தே நீங்கள் இருவரும்தான். 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில், பெற்றோரையே சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்கச் செய்யும் குடும்பச் சிகிச்சையை உருவாக்கினார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 121 இளம் வயதினரை இரண்டாகப் பிரித்தார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் பாதிப் பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள். தனியாக ஆலோசனை பெற்றவர்களில் கால்வாசிப் பேர்தான்.

என்னிடம் வரும் குடும்பங்களை டிபன் கேரியரோடு வரச் சொல்வேன். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அப்பா மகளுக்கு எதிரே உட்கார்ந்து, “ப்ளீஸ்மா, ஒரு வாய்” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அவள் தயிர்சாதத்தைத் தொடவே இல்லை. அவரை எழுப்பி அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். கெஞ்சாமல், கோபப்படாமல், “இது உன் சாப்பாடு, முடிக்கிற வரைக்கும் அப்பா இங்கேதான் இருப்பேன்” என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அவள் அழுதாள், டப்பாவைத் தள்ளினாள். அவர் அதையே திரும்பச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து முதல் ஸ்பூன் உள்ளே போனது. நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். பரிமாறுவது நீங்கள், அளவு உங்களுடையது, பேரம் கிடையாது. அவள் தேறும்வரை வீட்டில் யாரும் டயட் பேச்சு எடுக்க வேண்டாம், அவளை விரதம் இருக்கவும் விட வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் பெண்கள் விடுதி வார்டனாக இருக்கிறேன். சில பிள்ளைகள் சாப்பிட்ட உடனே வாந்தி எடுக்கிறார்களோ என்று சந்தேகம். எல்லோரையும் கூப்பிட்டு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தலாமா?

பதில்: வேண்டாம் மேடம். ‘இப்படியெல்லாம் செய்யாதீர்கள்’ என்று மேடையில் விவரித்தால் தெரியாத பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். சந்தேகம் உள்ள பெண்ணைத் தனியாக, திட்டாமல் விசாரியுங்கள். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, எடை கூடாமலிருக்க வாந்தி எடுப்பது போன்றவற்றைச் செய்யும் நோய்க்குப் புலிமியா என்று பெயர். அதில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். பல் தேய்வது, கன்னம் வீங்குவது போன்றவை அடையாளங்கள். பொட்டாசியம் குறைந்தால் ஆபத்து, ரத்தப் பரிசோதனை கட்டாயம். இதற்கென்றே வடிவமைத்த நடத்தைச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரையும் உதவும், மனநல மருத்துவர் எழுதித் தந்தால்.

தடுப்பதற்கு ஒரு வழி நிரூபணமாகியிருக்கிறது. எரிக் ஸ்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. ‘ஒல்லியாக இருந்தால்தான் அழகு’ என்பதை எதிர்த்துப் பிள்ளைகளையே சிறு குழுவாகப் பேசவும், எழுதவும், நடித்துக் காட்டவும் வைப்பது. நாம் சொல்வதைவிட அவர்கள் வாயால் வருவது அவர்களிடம் நிற்கிறது. கூடவே, எல்லோர் முன்னாலும் எடை பார்த்து உரக்கப் படிக்கும் வழக்கம் உங்கள் விடுதியில் இருந்தால் அதை இந்த மாதமே நிறுத்துங்கள்.

கேள்வி: ஆண்களுக்கும் இந்த நோய்கள் வருமா?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: வரும் தம்பி. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் தாமதமாகத் தெரிகிறது. கட்டுப்பாடே இல்லாமல் ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு குமைவதும் இதில் ஒரு வகை. 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதைத் தனி நோயாகவே கணக்கில் எடுக்கிறார்கள். கேட்பது உங்களுக்காக என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.