'வெஸ்ட்' ஆகும் பங்குக்குக் காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்குத் தரும் 'ஷெயார் ஒப்ஷன்' நான்கு வருடத்தில் 'வெஸ்ட்' ஆகும் என்று கடிதத்தில் இருக்கிறது. "இன்வெஸ்ட்தானே, உன்னிடம் காசு கேட்கப் போகிறார்கள்" என்கிறார் அப்பா. அப்படியா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: 'வெஸ்ட்' என்ற சொல் உங்களிடம் காசு கேட்கவில்லை. உரிமை உங்கள் பெயரில் உறுதியாகிறது என்பதுதான் அதன் பொருள். காணி விவகாரத்தில் அடிபட்ட சொல் இது. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், ஒருவரிடம் 50 ஏக்கருக்கு மேல் (வயல் என்றால் 25) இருந்த காணி, காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போனதையும் ஆங்கிலத்தில் 'வெஸ்ட்' என்றுதான் எழுதினார்கள். அங்கே யாரும் முதல் போடவில்லை.

ஆனால் அப்பா கண்ட உறவு பொய்யில்லை. லத்தீனில் 'வெஸ்டிஸ்' என்றால் உடுப்பு. 'இன்வெஸ்டிரே' என்றால் உடுத்திவிடுவது. பதவிக்குரிய அங்கியைப் போர்த்தி, அதிகாரத்தைக் கையில் கொடுப்பது அதிலிருந்து வந்த பொருள். ஆயருக்கு மோதிரமும் கோலும் யார் கொடுப்பது என்று பாப்பரசரும் பேரரசரும் பல வருடம் மல்லுக்கட்டி, 1122இல் வோர்ம்ஸ் நகரில்தான் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கோட்டையைச் சுற்றி வளைத்து முற்றுகையிடுவதற்கும் இதே வினைதான். பழைய ஆங்கிலச் சரித்திரப் புத்தகத்தில் ஒரு படை ஒரு நகரத்தை 'இன்வெஸ்ட்' செய்தது என்று வந்தால், அங்கே கடை திறந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்!

காசு விஷயம் இத்தாலிய வணிகர்களிடமிருந்து வந்தது. காசுக்கு வேறு உடுப்புப் போட்டுச் சரக்காக்குவது என்ற எண்ணம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பனியின் வியாபாரத்தோடு அது ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. பிற்பாடு ஐரோப்பாவுக்கு அனுப்ப இந்தியாவில் வாங்கிய சரக்கையே கம்பனிக்காரர் 'இன்வெஸ்ட்மென்ட்' என்றார்கள். அதில் பெரும்பங்கு என்ன தெரியுமா? துணிதான்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். ஒப்ஷன் என்பது பங்கு அல்ல. குறித்த விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை. வெஸ்ட் ஆன பிறகு அதைப் பயன்படுத்தி வாங்கும்போது அந்த விலையைக் கட்ட வேண்டும். அப்பாவின் பயத்துக்கு இடம் இருப்பது அங்கேதான். அதுவும் கட்டாயமில்லை, பங்கின் மதிப்பு குறித்த விலைக்குக் கீழே இருந்தால் வாங்காமலே விடலாம்.

முதல் வருடம் முடியும்வரை ஒன்றுமே வெஸ்ட் ஆகாது என்ற நிபந்தனை பல கம்பனிகளில் உண்டு. இடையில் விலகினால் வெஸ்ட் ஆகாதது பொதுவாகப் போய்விடும். ஆனதையும் சில மாதங்களுக்குள் வாங்கச் சொல்வார்கள். ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்தக் கெடுவில்தான். ஆகவே விலை எவ்வளவு, விலகினால் எத்தனை நாள் அவகாசம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பங்கு தருவது வெளிநாட்டுத் தாய்க் கம்பனி என்றால் காசு அனுப்புவதற்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் குறுக்கே வரும். அதற்குரிய கணக்கு பற்றி வங்கியில் முன்கூட்டியே கேளுங்கள். வரியைக் கணக்காளரிடம் விடுங்கள்.