நெல் இலையில் மருந்து நிற்கவில்லை: சலவைத்தூள் கலக்கலாமா?

மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பெரும்போக நெல்லுக்கு மருந்து அடித்தால் துளி துளியாய் உருண்டு கீழே போய்விடுகிறது. பக்கத்து வயல்காரர் டாங்கிக்கு ஒரு கை சலவைத்தூளோ ஒரு பைக்கற் சம்போவோ போடச் சொல்கிறார், தானும் அப்படித்தான் செய்கிறாராம். போடலாமா, இல்லை மருந்தின் அளவைக் கூட்டி அடிக்கட்டுமா?"

சலவைத்தூள் வேண்டாம், சம்போவும் வேண்டாம். அளவைக் கூட்டுவது இரண்டையும் விட மோசம். ஓடுகிற துளியில் மருந்து இரண்டு மடங்கு இருந்தால் இரண்டு மடங்கு மருந்து நிலத்துக்குப் போகும், அவ்வளவுதான். இங்கே சிக்கல் மருந்தின் வீரியத்தில் இல்லை, இலையின் மேற்பரப்பும் துளியின் மேற்பரப்பும் ஒன்றோடொன்று ஒட்ட மறுப்பதில் இருக்கிறது.

முதலில் துளி. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்பவை. உள்ளே இருப்பதற்கு எல்லாப் பக்கமும் துணை உண்டு, மேலே இருப்பதற்கு வெளிப்பக்கம் துணை இல்லை, அதனால் உள்நோக்கி இழுபட்டுத் துளி உருண்டையாகிறது. இதுதான் மேற்பரப்பு இழுவிசை. தண்ணீருக்கு அது 25 பாகை செல்சியசில் மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன், சவர்க்காரம் போன்றவை சேர்ந்தால் 30 அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் பக்கத்து வயல்காரர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது, துளி பரவத்தான் செய்யும்.

அடுத்தது இலை. நெல் இலையைக் கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும், ஆனால் கைக்குத் தெரியாத அளவில் அதில் நுண்ணிய மேடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன, அவற்றின் மேல் மெழுகு படிந்திருக்கிறது. துளி அந்த மேடுகளின் நுனியில்தான் உட்காருகிறது, கீழே முழுக்கக் காற்று. குளத்துத் தாமரை இலையிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதை நுணுக்குக்காட்டியில் விளக்கமாகக் காட்டி 1997இல் எழுதியவர்கள் ஜேர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லொட்டும் நைன்ஹுயிசும். ஆனால் நெல்லில் ஒரு வித்தியாசம் உண்டு: மேடுகள் இலையின் நீளவாக்கில் வரிசையாக இருப்பதால் துளி குறுக்கே போவதை விட நீளப்பக்கமாக இலகுவாக உருளும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இந்த மெழுகு நமக்கு எரிச்சலாகத் தெரிந்தாலும் நெல்லுக்கு அது உயிர்க்கவசம். கார்த்திகை மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து வயல் மூழ்கினால் தண்ணீருக்குள் இலையைப் பாருங்கள், வெள்ளிபோல மினுங்கும். அந்த மினுக்கம் மேடுகளுக்கு இடையில் சிக்கிக்கொண்ட காற்றுப் படலம். மூழ்கிக் கிடக்கும் பயிர் அந்தப் படலத்தின் வழியாகத்தான் தண்ணீரிலிருந்து ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் இலகுவாக எடுக்கிறது. ஆய்வுகூடத்தில் அந்தப் படலத்தை நீக்க விரும்பும் ஆய்வாளர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சவர்க்காரம் போன்ற ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் இலையில் பூசுவார்கள், படலம் போய்விடும், பயிரின் மூச்சு திணறும். மழை இருட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் டாங்கிக்கு ஒரு கை சலவைத்தூளைக் கலந்து வயல் முழுக்க விசிறுவது இதையே செய்துவிடலாம்.

பூஞ்சணத்தால் நெல்லுக்கு வரும் எரிபந்த நோய்க்கும் இந்த மேற்பரப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தப் பூஞ்சணத்தின் விதைபோன்ற வித்தி ஈரம் பட்டதும் தன் நுனியிலிருந்து ஒரு பசையை விடும், தண்ணீர் ஒட்டாத மெழுகிலும் அந்தப் பசை ஒட்டும். பிறகு முளைத்து, தான் நிற்பது கடினமான, நீர் ஒட்டாத பரப்பு என்று உணர்ந்த பிறகே, துளைக்கிற உறுப்பைக் கட்டுகிறது. அதற்குள் எழும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு. நாங்கள் டாங்கியைச் சுமந்துகொண்டு தவிக்கிற அதே சிக்கலை ஒரு பூஞ்சணம் எப்போதோ தீர்த்துவிட்டது!

சரி, சலவைத்தூளின் மற்றக் குறைகள். அது காரத்தன்மை கொண்டது, சில பூச்சிநாசினிகள் காரத் தண்ணீரில் சில மணித்தியாலத்திலேயே சிதைந்து போகும், நீங்கள் அடிப்பது வெறும் நுரையாக இருக்கும். அளவு கூடினால் இலை கருகும். டாங்கிக்குள் நுரை கட்டி அமுக்கம் சீராக வராது. இன்னொன்று, அளவுக்கு மீறிப் பரவினால் துளிகள் ஒன்றாகிப் படலமாக வழிந்துவிடும், அப்போது இலையில் மிஞ்சுவது முன்பை விடக் குறைவாகவும் இருக்கலாம். உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் வன்மையானது, கேத்தலில் வெள்ளையாய்ப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்சியத்தோடு சவர்க்காரம் சேர்ந்தால் கரையாத கசடாகி, மருந்து விசிறும் முனையான நொசிலை அடைக்கும்.

அப்படியென்றால் என்ன செய்வது?

போத்தலின் லேபிளைப் படியுங்கள். எண்ணெய் போன்று இருந்து தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கிற மருந்து என்றால் அதற்குள்ளேயே பரவச் செய்யும் பொருள் இருக்கிறது, மேலே எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. லேபிளில் சேர்க்கச் சொல்லியிருந்தால் மட்டும், இலையில் பரவி ஒட்டுவதற்கென்றே தனியாக விற்கிற திரவத்தைச் சொன்ன அளவில் சேருங்கள். அடிக்குமுன் ஒரு சின்னச் சோதனை: வெறும் தண்ணீரில் ஒரு துளி, கலந்த மருந்தில் ஒரு துளி, இரண்டையும் ஒரே இலையில் கையுறை போட்டுக்கொண்டு விட்டுப் பாருங்கள். கலந்தது தட்டையாகி, ஆனால் வழியாமல், அந்த இடத்திலேயே நின்றால் போதும்.

பிறகு நொசில். இதைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்லுவேன், ஏனென்றால் இங்கே பலர் தேய்ந்து ஓட்டை பெருத்த நொசிலோடு வருடக்கணக்கில் அடிக்கிறார்கள். பெரிய துளி வேகமாய் வந்து மெழுகில் மோதித் துள்ளிப் போகும். ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளியை, கால் மில்லிமீற்றர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் 64 துளி வரும், அதே மருந்து, மொத்த மேற்பரப்பு நான்கு மடங்கு. மிக நுண்ணியதாக்கினாலும் ஆபத்துத்தான், 0.1 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் காற்றோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பனி காய்ந்த பிறகு காலையிலோ, வெயில் தணிந்து காற்று அடங்கிய பின்னேரத்திலோ அடியுங்கள்.

முருங்கன் என்றபடியால் இதையும் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்துக் கருங்களி மண் ஈரத்தில் ஊதி, கோடையில் கால் புதையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வகைக் களியின் ஒரு கிராமை விரித்தால் மேற்பரப்பு பல நூறு சதுர மீற்றர் வரும், அத்தனையும் எதையாவது பிடித்துக்கொள்ளக் காத்திருக்கிற பரப்பு. வாய்க்காலில் கலங்கல் தண்ணீரை அள்ளி டாங்கியில் ஊற்றினால் சில களைநாசினிகள், குறிப்பாகக் கிளைபோசேட், இலையைத் தொடுமுன்பே களித்துகளில் ஒட்டிச் செயலிழந்துவிடும். தண்ணீரை வாளியில் வைத்துத் தெளியவிட்டு, துணியால் வடித்து எடுங்கள். சீக்கிரம் தெளியாத கலங்கல் என்றால் வேறு தண்ணீர் தேடுவதுதான் வழி.

நீங்கள் எந்தப் பூச்சிக்கு அடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற அறக்கொட்டியான் என்றால் அது இருப்பது தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. மேல் இலை எவ்வளவு நனைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நொசிலைத் தாழ்த்தி அடிப்பகுதிக்கு அடிக்க வேண்டும்.

பரவச் செய்யும் திரவம் இலையில் மட்டும் பரவாது, உங்கள் தோலிலும் மருந்தை இலகுவாக இறக்கும், அதனால் நீளக் கையுள்ள சட்டை, கையுறை, சப்பாத்து கட்டாயம். டாங்கியை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவாதீர்கள். மீன் மூச்சு விடுகிற பூவும் வாற்பேத்தையின் தோலும் மிக மெல்லிய மேற்பரப்புகள், இந்தத் திரவங்கள் முதலில் கெடுப்பது அவற்றைத்தான். கழுவிய தண்ணீரை மருந்தடித்த வயலுக்குள்ளேயே விசிறிவிடுங்கள்.

மருந்தின் பெயரையும் பயிரின் வயதையும் எழுதி அனுப்பினால், திரவம் சேர்க்க வேண்டுமா என்று குறிப்பாகச் சொல்கிறேன், அல்லது உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியரிடம் போத்தலையே காட்டிக் கேளுங்கள்.