வாசகர் கேள்வி – பதில்: நின்றால் கொதிக்கும் பிக்கப்

கேள்வி: பதினைந்து ஆண்டு ஓடிய டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் காசிமேட்டில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு செங்குன்றம் வரை போகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சிறிது நேரத்தில் வெப்ப முள் சிவப்பைத் தொடுகிறது. வண்டி வேகம் எடுத்ததும் தானாக இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: ரேடியேட்டருக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நிற்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறுகிறது என்றால், பெரும்பாலும் குறை தண்ணீர் ஓட்டத்தில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைத்துவிடுகிறது. நிற்கும் வண்டிக்கு ஃபேன் மட்டுமே துணை. இதற்கு நேர்மாறாக, லோடு ஏற்றி வேகமாகப் போகும்போது மட்டும் சூடேறினால், ரேடியேட்டரின் உள்குழாய் அடைப்பு, வாட்டர் பம்ப், உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஓஸ் (ரப்பர் குழாய்) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, உள்பக்கம் பளபளவென்று தேய்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். அடுத்தது ஃபேன் கிளட்ச்; சூட்டுக்கு ஏற்ப ஃபேனைப் பிடித்துச் சுழற்றும் பாகம் இது. சில பழைய வண்டிகளில் ஃபேன் நேராக வாட்டர் பம்பிலேயே பூட்டப்பட்டிருக்கும்; உங்கள் வண்டியில் நடுவில் வட்டமான கிளட்ச் இருந்தால், நன்றாகச் சூடான இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றால் நல்லது. தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் உள்ளிருக்கும் சிலிகான் ஆயில் கசிந்துபோய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்ட கிளட்சின் மேல் எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புக் கோடு தெரியும். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டும் இருக்க வேண்டும். முன்பு நடந்த ஏதோ ஒரு வேலையில் அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாத வண்டிகள் நிறைய உண்டு. கூண்டு இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

பிறகு ரேடியேட்டரின் வெளிப்பக்கம். கடற்காற்றும் துறைமுகச் சாலைத் தூசியும் சேர்ந்து மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவே மண்ணாக அப்பிக்கொள்கின்றன. ஏசி உள்ள வண்டியில், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இது கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பீய்ச்சுக்குழாயைக் கிட்டத்தில் காட்டினால் ஃபின்கள் மடங்கிப்போகும். கழுவியபின் நகத்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெண்பொடியாக உதிர்ந்தால் உப்பு அரித்துவிட்டது; அப்போது உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி, மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். அதன் ரப்பர் இறுகிப்போனால் 100 டிகிரியிலேயே கொதித்து வழிந்துவிடும். விலை குறைவு என்பதால், ஐயம் இருந்தாலே மாற்றிவிடலாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடசென்னைக் கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது பல ஆண்டுகளாக அறிந்த செய்தி. அதை ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே சுண்ணாம்பு படியும், உலோகம் அரிக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

நெரிசலில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரைச் சற்றே மிதியுங்கள். முள் இறங்கினால் காற்றோட்டக் குறை என்ற சந்தேகம் மேலும் வலுப்படும். இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சூட்டில் மூடியைத் திறப்பதும், கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. முன்னது முகத்தைச் சுடும், பின்னது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை விரிசல் விட வைக்கும். வெளியில் கசிவே இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தாலோ, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடனே மேல் ஓஸ் கல்லாக இறுகினாலோ, ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்காமல் வண்டியை லோடுக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் இன்ஜின் சூடாகாது என்கிறார்கள். கழற்றலாமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம். இன்ஜின் உரிய சூட்டுக்கு வரும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லையென்றால் அந்தச் சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். டீசல் கூடுதலாகச் செலவாகும், உள்பாகங்கள் விரைவில் தேயும். சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் கம்பியால் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்து அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணுக்கு அருகில், பெரும்பாலும் 82 டிகிரி அளவில், திறக்கத் தொடங்கினால் புதிய கேஸ்கெட் வைத்து அதையே மாட்டிவிடலாம். திறக்காவிட்டால் அதே எண்ணுள்ள புதியதை வாங்குங்கள்.